விண்வெளித் தொலைநோக்கியின் ஆடியை எப்படி அளக்கிறார்கள்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஜவ்வாது மலைமேல் உள்ள காவலூர் வான் ஆய்வகத்தைப் பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து பழைய வடஆர்க்காட்டின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தொலைநோக்கியின் ஆடியைப் பற்றியும், குறிப்பாக விண்வெளிக்குச் செல்லும் பெரிய ஆடிகளை எப்படி வடிவமைத்துச் செய்கிறார்கள் என்பதைப் பற்றியும் கேட்பதால், இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.

ஐயா, எங்கள் ஊருக்கு மேலே காவலூரில் இருக்கும் ஆடியின் விட்டம் 2.34 மீட்டர். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் ஆடி 2.4 மீட்டர். அளவில் பெரிய வேறுபாடு இல்லாதபோது, காவலூரில் உள்ளதைப் போன்ற ஒன்றையே ராக்கெட்டில் ஏற்றியிருக்கக் கூடாதா?
– ஆலங்காயம் வாசகர் ஒருவர்

ஒளியைத் திரட்டும் பரப்பில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்பது சரி. 2.4 மீட்டர் ஆடி ஒன்று கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் சுமார் 0.06 விகலை வரை நுணுக்கமாகப் பிரித்துக் காட்ட வல்லது. விகலை என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. ஆனால் தரையில் வைத்த தொலைநோக்கிக்கும் விண்மீனுக்கும் இடையே காற்றின் அலைவு குறுக்கிடுவதால், காவலூரில் ஒரு விகலைக்குக் கீழே தெளிவு கிடைப்பது அரிது. புற ஊதாக் கதிர்களை ஓசோன் உறிஞ்சிவிடுகிறது. அகச்சிவப்பின் பெரும்பகுதியை நீராவி தின்றுவிடுகிறது. இரண்டு பருவமழைகளும் சேர்ந்து மேகத்தால் மூடும் இரவுகள் வேறு.

அதே ஆடியை ஏன் ஏற்றக்கூடாது என்பதற்கு முதல் காரணம் எடை. தரைத் தொலைநோக்கியின் ஆடி தன் எடையால் தானே வளைந்துவிடாமல் இருப்பதற்காகத் தடிமனாக வார்க்கப்படுகிறது. அந்தத் தடிமன் ராக்கெட்டுக்குச் சுமை. எனவே ஹபிளின் ஆடியை, வெப்பத்தில் மிக மிகக் குறைவாகவே விரியும் ஒருவகைக் கண்ணாடியால் ஆன இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே தேன்கூடு போன்ற கண்ணாடிச் சட்டகத்தை வைத்து உருக்கி இணைத்துச் செய்தார்கள். அப்படியும் அது சுமார் 828 கிலோகிராம் இருந்தது.

இரண்டாவது காரணம் அவ்வளவு வெளிப்படையானதன்று. ஆடியைத் தேய்ப்பதும் சோதிப்பதும் பூமியில். அது வேலை செய்யப் போவது எடையற்ற நிலையில். பூமியில் சரியாக இருக்கும் வளைவு, மேலே சென்றதும் ஈர்ப்பின் அழுத்தம் நீங்கி வேறு வளைவாகிவிடும். இதைத் தவிர்க்க, மெருகேற்றும்போது ஹபிள் ஆடியின் அடிப்பக்கத்தைச் சுமார் 130 தண்டுகள் வெவ்வேறு விசையில் தாங்கின. ஆடி மிதப்பதைப் போன்ற நிலையைப் பூமியிலேயே உண்டாக்குவதுதான் நோக்கம். காவலூர் ஆடிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பட்டறையில் தேய்க்கப்பட்டு, 1986 முதல் அதே ஈர்ப்பில்தான் வேலை செய்து வருகிறது.

நான் சிப்காட் பகுதியில் லேத் பட்டறை நடத்துகிறேன். நல்ல இயந்திரத்தில் பத்து மைக்ரான் வரை பிடித்துவிடுவோம். நானோமீட்டர் அளவில் கடையும் இயந்திரம் எங்கே இருக்கிறது?
– ராணிப்பேட்டை வாசகர்

அப்படி ஓர் இயந்திரத்தை நம்பி யாரும் பெரிய ஆடி செய்வதில்லை. உங்கள் பட்டறையில் இயந்திரத்தின் துல்லியம்தான் பொருளில் இறங்குகிறது. தண்டு ஆடினால் வேலையும் ஆடும். ஒளியியல் பட்டறையிலோ கருவி வேலையைவிட முரடானது. வைரச் சக்கரத்தால் தோராயமான குழிவைச் செதுக்கிய பிறகு, படிப்படியாக நுண்ணிய உராய்வுத் தூள்களால் தேய்த்து, கடைசியில் கீல் பூசிய மெத்தென்ற தட்டும் சீரியம் ஆக்சைடு போன்ற பொடியும் கொண்டு மெருகேற்றுகிறார்கள். அந்தத் தட்டுக்கென்று நிலையான வடிவமே கிடையாது. பிறகு எங்கிருந்து துல்லியம் வருகிறது என்றால், அளவீட்டிலிருந்து வருகிறது. பரப்பை அளந்து மேடுபள்ளங்களின் வரைபடம் எடுக்கிறார்கள், கணினி இயக்கும் சிறு தேய்ப்புத் தட்டு, மேடான இடங்களில் கூடுதல் நேரமும் மற்ற இடங்களில் குறைந்த நேரமும் சுழல்கிறது, மீண்டும் அளக்கிறார்கள். இந்தச் சுற்று மாதக்கணக்கில் நடக்கும். எவ்வளவு நுணுக்கமாக அளக்க முடிகிறதோ அவ்வளவு நுணுக்கமாகத்தான் ஆடி அமையும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் மற்றப் பதில்களும் எளிதாக விளங்கும்.

அளவுகோல் ஒளியேதான். ஹீலியம்–நியான் லேசரின் சிவப்பு ஒளிக்கு அலைநீளம் 632.8 நானோமீட்டர். நானோமீட்டர் என்பது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை ஆடியில் பட்டுத் திரும்பச் செய்து, மற்றதோடு சேர்த்தால் குறுக்கீட்டு விளைவால் இருளும் ஒளியுமாகப் பட்டைகள் தோன்றும். அடுத்தடுத்த இரண்டு பட்டைகளுக்கு இடையிலான உயர வேறுபாடு அரை அலைநீளம், அதாவது 316 நானோமீட்டர். ஒரு பட்டையில் நூறில் ஒரு பங்கு நகர்வையும் கேமராவும் கணினியும் கண்டுபிடித்துவிடும் என்பதால், சில நானோமீட்டர் வரை அளப்பது இன்று இயலுகிற காரியம். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதன்மை ஆடி பதினெட்டுத் துண்டுகளால் ஆனது; அதில் ஒரு துண்டு 1.32 மீட்டர் அகலம். அதன் பரப்பின் சராசரிப் பிழை 25 நானோமீட்டர் அளவில் இருந்தது. அந்தத் துண்டை வேலூரிலிருந்து சென்னை வரை நீளும்படி பெரிதாக்கினாலும், அதன் சராசரி மேடுபள்ளம் மூன்று மில்லிமீட்டர்கூட வராது.

உங்களுக்குச் சுவைக்கக்கூடிய இன்னொரு செய்தி: வெப்பின் துண்டுகள் கண்ணாடியால் ஆனவை அல்ல, பெரிலியம் என்னும் உலோகத்தால் ஆனவை. பொடியை அழுத்திக் கட்டியாக்கி, பின்புறம் முழுவதும் முக்கோண அறைகளாகக் குடைந்து எடுத்தபோது, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீவலாகப் போயிற்று. மிஞ்சியது சுமார் 20 கிலோகிராம். பெரிலியத் தூள் நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு என்பதால், அதைக் கடையும் பட்டறைக்கான காற்று வடிகட்டல் ஏற்பாடுகளே ஒரு தனித் தொழில்.

ஹபிள் ஆடி தவறாகத் தேய்க்கப்பட்டது என்று பாடப்புத்தகத்துக்கு வெளியே படித்தேன். அத்தனை நிபுணர்கள் இருந்தும் எப்படிக் கவனிக்காமல் விட்டார்கள்?
– காட்பாடியிலிருந்து இயற்பியல் மாணவி

தவறாக “அளக்கப்பட்டது” என்பதே பொருத்தம். தேய்த்தவர்கள் தங்களுக்குக் காட்டப்பட்ட வடிவத்தை அபாரமான ஒழுங்கோடு கொண்டுவந்தார்கள். காட்டிய கருவிதான் பொய் சொன்னது.

கோள வடிவ ஆடியாக இருந்தால் மேலே சொன்ன குறுக்கீட்டு முறையை நேரடியாகப் பயன்படுத்தலாம். ஹபிளின் ஆடியோ கோளமன்று, அதிபரவளைய வகையைச் சேர்ந்தது. அதிலிருந்து திரும்பும் அலையை, சரியான ஆடியாக இருந்தால் மட்டும் செம்மையான கோள அலையாக மாற்றிக் கொடுக்கும் ஒரு துணைக் கருவியை இடையில் வைத்தார்கள். இரண்டு சிறு ஆடிகளும் ஒரு வில்லையும் கொண்டது அது. அந்த வில்லை இருக்க வேண்டிய இடத்தை, குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் உலோகக் கோலின் முனையில் லேசரைத் தெறிக்கவைத்து நிர்ணயித்தார்கள். கோலின் முனைமேல் நடுவில் துளையிட்ட ஒரு மூடி இருந்தது. ஒளி தெறிக்காதிருக்க அதற்குப் பூச்சு பூசியிருந்தார்கள். ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்திருக்க, லேசர் கோலின் முனையில் படாமல் மூடியிலேயே பட்டுத் திரும்பியது. வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தவறி நின்றது. வில்லையைத் தாங்கும் அமைப்பு அந்த அளவுக்கு நகர இடம் கொடுக்காதபோது, வாஷர்களைச் செருகிச் சரிக்கட்டினார்கள். ராணிப்பேட்டை வாசகர் இதைப் படித்தால், வாஷர் கேட்கும் இடத்தில் வரைபடத்தை மறுபடி பார்க்கவேண்டும் என்று சொல்லியிருப்பார்.

விளைவாக ஆடியின் விளிம்பு, இருக்க வேண்டியதைவிடச் சுமார் 2.2 மைக்ரான் தட்டையாக அமைந்தது. தலைமயிரின் தடிமனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒளியின் கணக்கில் நான்கு அலைநீளம். விளிம்பிலிருந்து வரும் கதிர்களும் நடுவிலிருந்து வரும் கதிர்களும் வெவ்வேறு தூரத்தில் குவிந்தன. நீங்கள் படித்திருக்கும் கோளப் பிறழ்ச்சிதான் இது. 0.1 விகலை விட்டமுள்ள வட்டத்துக்குள் அடங்க வேண்டிய விண்மீன் ஒளி, ஒரு விகலையை மிஞ்சிய ஆரத்துக்குப் பரவியது.

உங்கள் கேள்வியின் கூர்மையான பகுதி இனித்தான் வருகிறது. எளிய வகைச் சோதனைக் கருவிகள் வேறு இரண்டு இருந்தன. அவை இரண்டும் பிழையைக் காட்டின. முதன்மைக் கருவியே அவற்றைவிடத் துல்லியமானது என்ற நம்பிக்கையில், அவை காட்டியதை ஒதுக்கிவிட்டார்கள். துல்லியம் வேறு, சரியாக இருத்தல் வேறு. ஒரு கருவி கடைசித் தசமம் வரை ஒரே விடையைத் திரும்பத் திரும்பத் தந்து, அத்தனை முறையும் தவறாக இருக்கலாம். ஒப்பந்தத்துக்குப் போட்டியிட்டுத் தோற்ற கோடாக், ஐடெக் நிறுவனங்கள், ஒருவர் செய்ததை மற்றவர் சோதிப்பதாகத் தங்கள் திட்டத்தில் எழுதியிருந்தன. அது நடந்திருந்தால் பிழை பட்டறையைத் தாண்டியிருக்காது என்பது என் கருத்து. கால நெருக்கடியும் பண நெருக்கடியும் இரண்டாவது சோதனையைச் செலவு என்று எண்ணவைத்தன. 1981-இல் மெருகேற்றி முடிந்த ஆடி, 1990 ஏப்ரலில் ஏவப்படும் வரை ஒன்பது ஆண்டுகள் அதே பிழையோடு பூமியிலேயே இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நல்வாய்ப்பாக, ஆடி ஒழுங்காகத் தவறியிருந்தது. விசாரணைக் குழு பழைய கருவியை அப்படியே வைத்து அளந்ததால், பிழையின் அளவு திட்டவட்டமாகத் தெரிந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள், அதற்கு நேரெதிரான பிழையோடு தேய்த்த சிற்றாடிகளைக் கொண்ட கருவிகளைப் பொருத்த, படங்கள் தெளிந்தன.

ஜேம்ஸ் வெப் ஆடிக்குத் தங்கம் பூசியிருக்கிறார்களாமே? எவ்வளவு தங்கம், ஏன் தங்கம்? எங்கள் வீட்டில் ஜரிகை வேலை என்பதால் கேட்கிறேன்.
– ஆரணி வாசகி

மொத்தம் சுமார் 48 கிராம்; அதாவது ஆறு பவுன். பூச்சின் தடிமன் 100 நானோமீட்டர். நீங்களே சரிபார்க்கலாம்: ஆடியின் பரப்பு ஏறத்தாழ 25 சதுர மீட்டர், அதைத் தடிமனால் பெருக்கினால் 2.5 கன சென்டிமீட்டர். தங்கத்தின் அடர்த்தி 19.3 என்பதால் 48 கிராம் வருகிறது. வெற்றிடக் கலனில் தங்கத்தை ஆவியாக்கி ஆடிமேல் படியவைக்கிறார்கள். அதன்மேல், கீறல் விழாமல் காக்கக் கண்ணாடித் தன்மையுள்ள மெல்லிய படலம் ஒன்றும் உண்டு.

தங்கத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், அகச்சிவப்பு ஒளியை அது மிகக் குறைந்த இழப்போடு திருப்பி அனுப்புவதுதான். நீல ஒளியையும் புற ஊதாவையும் அது விழுங்கிவிடும். அதனால்தான் அது மஞ்சளாகத் தெரிகிறது. புற ஊதாவையும் பார்க்க வேண்டிய ஹபிளுக்கு அலுமினியமும், அது துருவேறாமலிருக்க மெக்னீசியம் ஃபுளோரைடும் பூசினார்கள். செய்தித்தாள்கள் தங்கத்தையே தலைப்பாக்கின; அந்தத் தொலைநோக்கியின் செலவில் ஆறு பவுன் ஒரு கணக்கே அன்று.

ஒரே வட்ட ஆடியாகச் செய்யாமல் பதினெட்டு அறுகோணங்களாக வெட்டியது ஏன்? அவற்றை விண்வெளியில் ஒன்றாக்குவது எப்படி? வகுப்பில் மாணவர்களுக்கு விளக்க வேண்டியுள்ளது.
– வாணியம்பாடி ஆசிரியர்

வெப் பார்க்க விரும்பியது நீண்ட அலைகளை. அலைநீளம் கூடினால் அதே தெளிவுக்குப் பெரிய ஆடி வேண்டும். 6.5 மீட்டர் ஆடி 2 மைக்ரான் அலையில் தருகிற தெளிவு, ஹபிள் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தருவதைவிடச் சற்றே குறைவு என்று சொன்னால் மாணவர்கள் வியப்பார்கள். ஒரு சமன்பாட்டில் அதைச் செய்தே காட்டலாம். ஆனால் ஏரியன் 5 ராக்கெட்டின் தலைக்கூட்டுக்குள் இருந்த இடம் சுமார் 4.6 மீட்டர் விட்டம்தான். எனவே மடித்து வைத்து அனுப்பி, மேலே விரிக்க வேண்டியதாயிற்று. அறுகோணங்கள் இடைவெளியின்றிப் பொருந்துகின்றன. மேலும் ஆறுமடிச் சமச்சீர் இருப்பதால், பதினெட்டுத் துண்டுகளுக்கும் மூன்றே வகை வளைவுகள் போதும், வகைக்கு ஆறு.

இதில் நான் மிகவும் மதிக்கும் பகுதி, குளிருக்கான திருத்தம். அந்த ஆடி பட்டறையின் அறை வெப்பத்தில் மெருகேற்றப்படுகிறது. வேலை செய்வதோ சுமார் -230 டிகிரி செல்சியசில். குளிரும்போது பெரிலியம் சுருங்கி, ஒவ்வொரு துண்டும் தனக்கே உரிய விதத்தில் நெளிகிறது. அலபாமா மாநிலத்தில் உள்ள நாசாவின் பெரிய வெற்றிடக் கலனில் துண்டுகளை வைத்துக் குளிர்வித்து, குளிர்ந்த நிலையிலேயே சாளரத்தின் வழியாக அளந்தார்கள். கிடைத்த நெளிவின் வரைபடத்தைத் தலைகீழாக்கி, கலிஃபோர்னியாவில் இருந்த மெருகுப் பட்டறையில் அறை வெப்பத்திலேயே அதைத் தேய்த்து இறக்கினார்கள். அதாவது, சாதாரண வெப்பத்தில் வேண்டுமென்றே தவறான ஆடியாகச் செய்து, குளிரில் சரியாகும்படி விட்டார்கள். சரியா என்று பார்க்க மீண்டும் கலனுக்கு அனுப்பிக் குளிர்வித்தார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு துண்டின் பின்னும் ஏழு நுண் இயக்கிகள் உள்ளன: ஆறு, அதை எத்திசையிலும் நகர்த்தவும் சாய்க்கவும், ஒன்று, நடுவில் இழுத்துத் தள்ளி வளைவைச் சிறிதளவு மாற்ற. அவை ஏறத்தாழ 10 நானோமீட்டர் அளவான அடிகளில் நகரும். 2022 பிப்ரவரியில் ஒரே விண்மீனை நோக்கியபோது, பதினெட்டுத் துண்டுகளும் பதினெட்டுத் தொலைநோக்கிகளைப் போல் தனித்தனிப் புள்ளிகளைக் காட்டின. ஒவ்வொன்றாக அசைத்து எந்தப் புள்ளி எந்தத் துண்டுடையது என்று அடையாளம் கண்டு, ஒவ்வொன்றையும் கூர்மையாக்கி, எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அடுக்கியதும் வேலை முடிந்துவிடாது. பதினெட்டின் ஒளியும் ஓரிடத்தில் விழுந்தாலும், அவை ஒரே ஆடியாக வேலை செய்ய, துண்டுகளின் உயரங்கள் ஓர் அலைநீளத்தின் சிறு பின்னத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். வேண்டுமென்றே குவியம் விலக்கி எடுத்த படங்களிலிருந்து, ஆடியின் வடிவத்தைக் கணக்கின் மூலம் பின்னோக்கி வருவித்து, அதையும் மார்ச் மாத நடுவில் முடித்தார்கள். தொலைநோக்கி தன் ஆடியைத் தானே அளந்துகொள்ளும்படி வடிவமைத்ததுதான் ஹபிளிலிருந்து கற்றதன் பெரும் பலன். 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் வீரர்களை அனுப்பிப் பழுது பார்க்கும் வசதி இதற்குக் கிடையாது.

வெப் எடுத்த படங்களில் ஒளிமிக்க விண்மீன்களுக்கு எட்டு முனைகள் தெரிகின்றனவே, உண்மையிலேயே அப்படி இருக்குமா?
– குடியாத்தம் வாசகர்

இல்லை. அறுகோண விளிம்புகளில் ஏற்படும் விளிம்பு விளைவால் ஆறு நீண்ட முனைகளும், இரண்டாம் ஆடியைத் தாங்கும் கால்களால் இரண்டு சிறு முனைகளும் தோன்றுகின்றன. ஹபிள் படங்களில் நான்கு முனைகள் இருப்பதைப் பாருங்கள்; அங்கே தாங்கும் குறுக்குக் கம்பிகள் நான்கு.

இந்தியாவில் இத்தகைய ஆடி வேலை நடக்கிறதா? அடுத்த பெரிய தொலைநோக்கி எது?
– வாலாஜாபேட்டை வாசகர்

அளவில் சிறியது, தரத்தில் குறையாதது. 2015 செப்டம்பரில் சென்ற இந்திய வானியல் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கியில் சுமார் 38 சென்டிமீட்டர் ஆடிகள் இரண்டு உள்ளன. 2023-இல் சென்ற ஆதித்யா எல்1-இன் சூரிய ஒளிவட்டக் கருவிக்கு வேறுவகைத் தேவை: வடிவம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, பரப்பு அணுக்களின் அளவை நெருங்கும் வழவழப்போடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூரியத் தட்டின் ஒளி சிதறி, மங்கலான ஒளிவட்டத்தை மறைத்துவிடும்.

நாசாவின் ரோமன் தொலைநோக்கிக்கு, அமெரிக்க உளவு நிறுவனம் 2012-இல் கொடுத்துவிட்ட 2.4 மீட்டர் ஆடியே அடிப்படை; எடை 186 கிலோகிராம், பூச்சு வெள்ளி. ஹபிளின் அதே அகலம் நான்கில் ஒரு பங்கு எடைக்கும் கீழே வந்திருப்பதைக் கவனியுங்கள். அதற்கும் அப்பால், பூமியைப் போன்ற கோள்களைத் தேடும் பெரிய தொலைநோக்கி ஒன்றைத் திட்டமிடுகிறார்கள். தன் விண்மீனைவிட ஆயிரம் கோடி மடங்கு மங்கிய கோளைப் பிரித்துக் காண வேண்டுமானால், ஆடி அமைப்பு பிகோமீட்டர் கணக்கில், அதாவது ஓர் அணுவின் விட்டத்தைவிடச் சிறிய அளவில், அசையாமல் நிற்க வேண்டும். அத்தனை சிறிய அசைவை அளக்கும் முறைகளிலேயே இப்போது பெரும் உழைப்பு செல்கிறது.

விடுமுறையில் ஆறங்குல ஆடி ஒன்றை நானே தேய்க்க நினைக்கிறேன். சரியாக வந்ததா என்று வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது?
– போளூர், பதினோராம் வகுப்பு மாணவர்

தாராளமாகச் செய்யலாம். 1.2 மீட்டர் குவிய நீளமுள்ள ஆடியாகத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்த அளவில் கோளத்துக்கும் பரவளையத்துக்கும் விளிம்பில் உள்ள வேறுபாடு கால் மைக்ரானைச் சற்றே மிஞ்சும், ஆகவே கடைசித் திருத்தம் சிறியது. சோதனைக்கு லேசர் வேண்டாம். பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ 1858-ஐ ஒட்டிக் கண்டுபிடித்த கத்திமுனைச் சோதனை போதும்: ஆடியின் வளைவு மையத்தில் ஊசித்துளை ஒளியை வைத்து, திரும்பி வரும் ஒளிப்புள்ளியைச் சவர பிளேடால் மெல்ல வெட்டினால், ஆடியின் மேடுபள்ளங்கள் நிழலாக எழுந்து தெரியும். நடு, இடை, விளிம்பு என்று வளையம் வளையமாக மறைத்து, ஒவ்வொரு வளையத்துக்கும் நிழல் சமமாகும் இடத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தேய்த்த உடனே அளக்க வேண்டாம். கை வெப்பம் ஆறி ஆடி அறை வெப்பத்துக்கு வரும் வரை காத்திருங்கள். அதன்பின், முலாம் பூசக் கொடுப்பதற்கு முன்பே, ஆடியைக் குழாயில் பொருத்தி ஒளிமிக்க விண்மீன் ஒன்றைப் பாருங்கள். குவியத்துக்குச் சற்று உள்ளேயும் அதே அளவு வெளியேயும் ஒளிவட்டம் ஒரே மாதிரி தோன்ற வேண்டும். கத்திமுனை சரி என்று சொல்லி விண்மீன் இல்லை என்று சொன்னால், மேலும் தேய்க்காமல், இரண்டு சோதனைகளில் எது எங்கே பிசகியது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.